யானை வராத பாடம்

மதுரையில் நாங்கள் குடியிருந்த வளவுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது வாத்தியார் வீட்டு வாசனைதான். பன்னீர்ப் புகையிலை, பழுப்பேறிய காகிதம், நீலகிரித் தைலம், ஆர்மோனியத் துருத்திக்குள் அடைந்து கிடந்த காற்று எல்லாம் கலந்த ஒன்று. அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் எங்கள் அப்பத்தா தாளிக்கிற கடுகு, அதற்கும் அப்பால் பொதுக் குழாயடிப் பாசி. சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருந்ததால் அக்கம்பக்கத்துச் சந்துகளில் ராஜபார்ட்டுகளும் பபூன்களும் மிருதங்கக்காரர்களும் எங்களோடு எங்களாகக் குடியிருந்தார்கள். காலையில் தூக்குச்சட்டியோடு பாலுக்கு நிற்கிற மாமா, முந்தின ராத்திரி எங்கோ ஒரு கிராமத்தில் அரிச்சந்திரனாக மயானம் காத்துவிட்டு வந்தவராக இருப்பார். காதோரம் அரிதாரம் மஞ்சளாக ஒட்டியிருக்கும், கண் இரண்டும் சிவந்திருக்கும், ஆனாலும் எங்களைப் பார்த்ததும் ஒரு வசனத்தை எடுத்துவிட்டுத்தான் நகருவார்.

வாத்தியார் அவர்களுக்கெல்லாம் வாத்தியார். எழுதுகிறவர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தபோது பத்துப் பன்னிரண்டு வயசுப் பையனாக அதில் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். அவரே சொல்லியும் கேட்டிருக்கிறேன். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்த கதையைச் சொல்லும்போது அவருடைய வலது கை தானாக மடியில் எழுத ஆரம்பித்துவிடும். எமன் வேஷம் கட்டி சுவாமிகள் மேடையில் பாய்ந்ததைக் கண்டு பயந்த ஒரு கர்ப்பிணிக்கு விபரீதமானதையும், அதன் பிறகு சுவாமிகள் வேஷம் கட்டுவதையே விட்டதையும் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். நாங்கள் அவர் முழங்காலை ஒட்டி நகர்ந்து உட்காருவோம். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமான பிறகு இவர் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பையன்களுக்குப் பாடம் சொல்லி, இருக்கிற நாடகங்களுக்குப் புதுத் தர்க்கம் எழுதிக்கொடுத்து, சொந்தமாகவும் நாடகங்கள் எழுதி, பேசும்படம் வந்து கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கிக்குப் போகப் போக ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த வாத்தியார், நோட்டுகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அதன் மேல் வெற்றிலைச் செல்லத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். வளவில் யாருக்காவது மனு எழுத வேண்டும், மகளுக்குக் கடுதாசி போட வேண்டும் என்றால் எழுதித் தருவார். அவ்வளவுதான். மனைவி எப்போதோ தவறிவிட்டார்கள். பிள்ளை கிடையாது.

நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவள் எங்கள் வளவின் முன்கட்டுக்கு அவளுடைய சின்னம்மாவோடு குடி வந்தாள். நாடகக்காரப் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கிறவர்கள் அன்றைக்கு மதுரையிலும் நிறைய இருந்தார்கள். எங்கள் வளவில் அந்தத் தொல்லை இல்லை. அக்கா அப்போது ஸ்பெஷல் நாடகங்களில் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. திருவிழா நடத்துகிற ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும் அமர்த்துவார்கள். ஆர்மோனியக்காரர் திண்டுக்கல்லாக இருப்பார், பபூன் புதுக்கோட்டையாக இருப்பார். சாயங்கால பஸ்ஸில் ஆளுக்கொரு திசையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ‘வள்ளி திருமண’மோ ‘பவளக்கொடி’யோ நடத்திவிட்டு அவரவர் பஸ்ஸில் போய்விடுவார்கள். சுவாமிகள் எழுதிவைத்த நாடகம் எல்லோருக்கும் பொதுப் பாடமாக நெஞ்சில் இருப்பதால்தான் இது நடக்கிறது. முதலில் பபூனும் டான்ஸும் வந்து கூட்டத்தைச் சேர்க்க வேண்டும். நடுச்சாமத்துக்கு மேல்தான் ஸ்திரீபார்ட்டின் ராஜ்யம். டான்ஸ் ஆடுகிறவளைப் பார்த்து விசிலடிக்கிற கூட்டம், ஸ்திரீபார்ட் தர்க்கத்துக்கு நின்றால் வாயை மூடிக்கொண்டு கேட்கும். வள்ளியிடம் வருகிற நாரதர் பாடத்தில் இருப்பதை மட்டும் கேட்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. புராணத்திலிருந்து கேட்பார், திருக்குறளிலிருந்து கேட்பார், அன்றைய பேப்பரிலிருந்தும் கேட்பார். பதில் இல்லாமல் முழித்தால் மறு வருஷம் அந்த ஊரில் டேட் கிடையாது. டான்ஸிலிருந்து ஸ்திரீபார்ட்டுக்கு ஏறுவது அதனால்தான் அவ்வளவு கஷ்டம். அக்காவுக்கு ஏற வேண்டும்.

பாடம் சொல்லித்தரச் சொல்லி அவள் கேட்டபோது வாத்தியார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “நான் கடையைக் கட்டியாச்சு தாயி” என்றார். அவளும் சரி வாத்தியாரே என்று போய்விட்டாள். மறுநாளிலிருந்து குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிறைகிற நேரத்தில் வள்ளியின் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். தினமும் ஒரே இடத்தில் தப்பு விடுவாள். சரணத்தில் ஒரு சொல்லை முழுங்கி அடுத்ததை இழுப்பாள். எங்களுக்கே அது தப்பு என்று தெரிகிற அளவுக்குத் தப்பு. வாத்தியார் பாயில் இப்படிப் புரள்வார், அப்படிப் புரள்வார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் உள்ளேயிருந்து, “ஏ தாயி, அந்த எடத்துல மூச்சு வாங்காத!” என்று சத்தம் போட்டுவிட்டார். அக்கா குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். குடம் நிறைந்து வழிந்து எங்கள் வாசல் வரைக்கும் தண்ணீர் வந்தது.

விடியற்காலையில் வைகை மணலில் குரல் சாதகம். வாத்தியார் ஒரு கரையில் நின்றுகொண்டு, நடு ஆற்று மணல் திட்டில் அவளை நிறுத்தி, ஆலோலம் சொல்லச் சொல்வார். எதிர்க்கரையில் துணி வெளுக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் அன்றைக்குப் பாடம் சரி. மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடியவர்களைப் பற்றித் திரும்பி வரும்போது சொல்லிக்கொண்டே வருவார், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பேச்சு வராத நாள் குறைவு. கணவர் கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் போன பிறகு அந்த அம்மா வெள்ளைப் புடைவைக்கு மாறியதையும், ஆண் நடிகர் யாரோடும் இனி ஜோடி சேருவதில்லை என்று இருந்ததையும், ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேஷமே கட்டி நடித்ததையும் சொன்னபோது, அக்கா நடையை நிறுத்திவிட்டு, “அம்புட்டு ஆசையா வாத்தியாரே?” என்று கேட்டாள். “ஆசைதான் தாயி” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார். எனக்கு அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு நடிப்புப் பாடம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் உண்டு, ஏனென்றால் வள்ளிக்குக் கிளிகள் வேண்டும். குழாயடிக்கு முன்னால் இருந்த வெட்டவெளிதான் தினைப்புனம். அப்பத்தாவின் கயிற்றுக் கட்டில் பரண். அக்கா அதன் மேல் ஏறி நின்று, இல்லாத கவணில் இல்லாத கல்லை வைத்துச் சுற்றி வீசுவாள். நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டு பறந்து போவோம். வாத்தியார் உடனே கையைத் தூக்கி நிறுத்துவார். “கை வீசிருச்சு, சரி. கல்லு எங்க விழுந்துச்சு?” அக்கா முழிப்பாள். “கல்லு விழுற வரைக்கும் உன் கண்ணு அதுகூடப் போகணும். விழுந்த எடத்துல கிளி எந்திரிச்சுப் போகுதான்னு பாக்கணும். நீ பாத்தாத்தான் கடைசி வரிசையில உக்காந்திருக்கவன் பாப்பான்.” மறுபடி சுற்றுவாள். ஒரு நாள் அவள் கண் எங்கள் தலைக்கு மேலாகப் போய், குழாயடி முருங்கைக்கும் அப்பால், ஓட்டுக்கூரையின் மூலையில் போய் நிலைத்தது. நாங்கள் எல்லோரும் திரும்பி அந்த மூலையைப் பார்த்தோம். அப்பத்தா கூட அரிசி புடைக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, செல்லத்தைத் திறந்து ஒரு வெற்றிலை எடுத்து அவளிடம் நீட்டினார். அவரிடம் வெற்றிலை வாங்குவது லேசான காரியமில்லை.

ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். யாரது என்று கேட்க வேண்டும். புதரில் மிருகம் என்று நினைத்து ஒரு யாரது, வேடன் என்று தெரிந்த பிறகு ஒரு யாரது, அவன் போக மாட்டானா என்று ஒன்று, போய்விடுவானோ என்று ஒன்று. கடைசி யாரது அக்காவுக்கு வெகு நாள் வரவே இல்லை.

எனக்கு இந்த நாடகத்தில் கிளியைவிடப் பெரிய வேஷம் ஒன்று வாக்களிக்கப்பட்டிருந்தது. கதை உங்களுக்குத் தெரியும். வேடனாக வந்து பலிக்காமல் முருகன் கிழவனாக வருவார், வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டு விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டுச் சுனைக்குப் போவார். அப்புறம் அண்ணன் விநாயகர் யானையாக வந்து பிளிற, வள்ளி பயந்து கிழவனையே கட்டிக்கொள்வாள். அந்த யானை நான்தான். அரிசி மூட்டைச் சாக்கு ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தேன், அப்பாவின் பழைய சட்டைக் கையில் துணியை அடைத்துத் துதிக்கை தைத்துக் கொடுத்தது அப்பத்தா. பாடத்தில் கிழவன் வாத்தியார்தான், அதற்கு வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. தினைமாவு கேட்பார், விக்குவார், அக்கா சொம்பில் நிஜமாகவே தண்ணீர் கொண்டுவந்து தருவாள், குடிப்பார். நான் சாக்குக்குள் புகுந்து தயாராக இருப்பேன். “கிழவன் சோலி முடிஞ்சுது. மிச்சம் மேடையில தானா வரும்” என்று நோட்டை மூடிவிடுவார். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் இப்படித்தான். சாக்குக்குள் வேர்த்து ஒழுகியபடி நான் வெளியே வந்து, “தாத்தா, யானை?” என்று கேட்பேன். “யானைக்கு நாளைக்கு” என்பார். அக்கா அவருடைய முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து, இன்னொரு கையால் தடியைச் சேர்த்துப் பிடித்து, பாயிலிருந்து தூக்கி விடுவாள். முட்டி வலிக்காரர் அவர்.

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பேர்தான் தெரியாது. வாரத்துக்கு ஒரு முறை சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் தினமும் பண்ணிக்கொள்ள ஆரம்பித்தார். நூல் கட்டி மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் காம்பு வந்தது. சாயங்காலம் வாசல் ஆணியில் ஒரு பொட்டலம் மல்லிகை தொங்கும். வேஷத்துக்குப் பூ வேண்டாமா என்பார், டான்ஸுக்குப் போகிற நாளிலும் அது தொங்கும். தாயி என்று கூப்பிடுவது எப்போதோ நின்று போயிருந்தது. எப்படியும் கூப்பிடாமலே பேசப் பழகிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியின் பூட்டு திறந்தது. என்னை அனுப்பி பிரில் இங்க் பாட்டில் ஒன்றும், புது மண்டபத்திலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வரச் சொன்னார். ராத்திரி நான் ஒன்றுக்குப் போக எழுந்து வந்தால் அவர் வாசலில் விளக்கு எரியும், குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் அந்த வளவின் அமைதியில் நன்றாகக் கேட்கும்.

குழாயடியில் பேசினார்கள். கிழவருக்குப் புத்தி பெரண்டு போச்சு என்றார்கள், அவள் சொக்குப்பொடி போட்டுவிட்டாள் என்றார்கள், பேத்தி வயசு என்று விரல் விட்டுக் காட்டினார்கள். அப்பத்தா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “எத்தன வருசமா செத்துப்போயி உக்காந்திருந்தாரு அந்த மனுசன். இப்ப எழுதுறாரு. எழுதட்டும், பேசாமப் போங்கடி” என்றாள். அந்தப் பேச்சையெல்லாம் இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் அவளைத் தொட்டுப் பேசியதில்லை. அவளுக்குப் பசிக்கிறதா, தொண்டை கட்டியிருக்கிறதா, நேற்று ஆடின ஊரில் யாராவது மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்களா என்று கேட்பார். மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். இதற்கு மேல் அன்பு எப்படி இருக்க வேண்டும் என்று குழாயடி எதிர்பார்த்ததோ தெரியவில்லை.

தர்க்கப் பாடத்தில் மட்டும் அவர் இரக்கமே காட்ட மாட்டார். நாரதராக நின்று கேள்வி கேட்டு, பதில் சொன்னால் பதிலிலிருந்து கேள்வி கேட்டு, அவள் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் விரட்டுவார். மேடையில் எதிரே நிற்கிறவன் அவளுக்காக விட்டுக்கொடுக்க மாட்டான், அதனால் தானும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஒரு சாயங்காலம் இப்படித்தான், “மூணு லோகமும் சுத்துனவன் நான். எனக்குத் தெரியாதது ஒண்ணு உனக்குத் தெரியுமா பெண்ணே?” என்று கேட்டார். அக்கா கட்டில் மேல் நின்றபடி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு நிதானமாக, “ஒரே எடத்துல நின்னு ஒண்ணக் காக்குறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது சாமி. நீங்க எங்கயும் நிக்கிறவரில்லையே” என்றாள். வாத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். எங்களுக்கு மூச்சே வரவில்லை. அப்புறம் பாருங்கள், அவருக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலைச் சாறு வேட்டியில் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். “மடக்கிட்டா, என்னை மடக்கிட்டா” என்று வளவு முழுக்கக் கேட்கச் சொல்லி, சந்து முனையில் நின்ற பருத்திப்பால் வண்டியை உள்ளேயே கூட்டி வரச் செய்து, குழாயடியில் பேசினவர்கள் உட்பட அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் தொண்டையில் இறங்கிய அந்த ருசி எனக்கு இன்னும் இருக்கிறது.

அக்காவின் முதல் வள்ளி மேலூருக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில், பங்குனித் திருவிழாவில். அமர்த்தியிருந்த ஸ்திரீபார்ட்டுக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை. வாத்தியார் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மேடைப் பக்கம் அவர் போகவே இல்லை. கூட்டத்துக்குக் கடைசியில், பொரிகடலைக் கடை விளக்குக்கும் தள்ளி, வெறும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நடுச்சாமத்துக்கு மேல் ஆலோலம் கேட்டது. கவண் சுழன்றது. எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் கழுத்தைத் திருப்பி, கல் விழுந்த பக்கம் பார்த்தார். வாத்தியார் என் தொடையை இறுக்கிப் பிடித்தார். நாரதர் பெரிய ஆள், பழம் தின்று கொட்டை போட்டவர். சுற்றி வளைத்துக் கேட்டார், அக்கா நின்று பதில் சொன்னாள், பெண்கள் பக்கத்திலிருந்து குலவை வந்தது. யாரது என்று அவள் கடைசி முறை கேட்டபோது, போய்விடுவானோ என்கிற அந்த யாரது, எப்போது அவளுக்கு வந்தது என்று தெரியவில்லை, வந்திருந்தது. அப்புறம் கிழவன் வந்தார், விக்கினார், தண்ணீர் குடித்தார். எனக்குத் தெரிந்த பாடம் அத்தோடு சரி. கறுப்புத் துணிக்குள் இரண்டு ஆள் புகுந்த யானை பிளிறிக்கொண்டு வந்தது. அக்கா அலறினாள், ஆனால் உடனே போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிழவனின் முழங்கைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, இன்னொரு கையால் தடியைச் சேர்த்துப் பிடித்து, அவர் விழுந்துவிடாமல் நிறுத்தி, பிறகுதான் அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். பயத்திலும் கிழவனைத் தாங்குகிற வள்ளியை அந்தக் கூட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். வாயில் போடுவதற்காகச் சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலை அவர் விரல்களுக்கிடையே இருந்தது. விடிந்து, மங்களம் பாடி, ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய டைரியில் பங்குனியும் சித்திரையும் வைகாசியும் நிறைந்தன. ஒரு ஆர்மோனியக்காரரைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போனாள். வாத்தியார் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பிரில் இங்கில் எழுதி முடித்த நோட்டை மொய்யாக வைத்துவிட்டு வந்தார். 1973இல் நாடக நடிகர் டி.கே. சண்முகம் காலமான செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, எங்க சபைப் பையன் போய்ட்டான் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல்லூரியில் இருக்கும்போது அவரும் போனார்.

சமீபத்தில் புதுக்கோட்டைக்கு ஒரு வேலையாகப் போனபோது அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டைக் காட்டினாள், ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. வாத்தியார் எழுதிய நாடகம் முழுசாக மேடை ஏறவே இல்லை. ஆனால் அதிலிருந்த தர்க்கங்களை அவள் ஊர் ஊராகச் சொல்லி, எதிரே நின்ற நாரதர்கள் அதைக் கேட்டு, அடுத்த ஊரில் அடுத்த வள்ளியிடம் கேட்க, அந்த வள்ளிகள் வழியாக இன்னும் பல ஊருக்குப் போய், இன்றைக்கு யார் எழுதியது என்று தெரியாமலே சுற்றுப்பக்கமெல்லாம் பேசுகிறார்களாம். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது, “அவரு எங்கிட்டச் சொன்னாரு தம்பி, தெரியுமா?” என்றாள்.

“எதை அக்கா?”

“பாடம் முடிஞ்சு எந்திரிக்கையில சொன்னாரு. ‘எனக்கு உம்மேல ஆசை வந்திருச்சு. அது எம்பாடு. நீ எதுவும் சொல்ல வேணாம், எதுவும் செய்ய வேணாம். பாடத்துல ஒரு வரி கொறையாது. வர்றதும் வராததும் உன் இஷ்டம்’னுட்டு உள்ள போயிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல. ராத்திரி பூராத் தூக்கமில்ல. அவரு மேல எனக்கு உசுரு, ஆனா அது வேற மாதிரி. அத வாயால எப்படிச் சொல்றது. மறுநா நாலு மணிக்கு அவரு வாசல்ல நாந்தான் மொதல்ல போயி பாயை விரிச்சேன். வெளிய வந்து என்னப் பாத்தாரு. ஒண்ணும் பேசாம நாரதர் பாடத்த எடுத்தாரு. அன்னிக்குத்தான் அவர மடக்குனேன். நீங்கள்லாம் பருத்திப்பால் குடிச்சீங்களே, அன்னிக்கு.”